அவருக்குக் கேட்காத கைதட்டல்

என் வீட்டுக்காரர் வேகப்பந்து வீச்சாளர். வாரத்தில் ஆறு நாள் பவர்லூம் ஓட்டுவார், ஏழாவது நாள் பந்து போடுவார். எங்கள் மாவட்ட லீக்கில் அவர் எடுத்த அளவுக்கு விக்கெட் வேறு யாரும் எடுத்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் "தறி ஓட்றாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கிரிக்கெட் எனக்குச் சக்களத்தி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். சாயந்திரம் முட்டியில் சிராய்ப்பும் தோளில் வலியுமாகத் திருப்பி அனுப்பும். தைலம் தேய்ப்பது மட்டும் என் வேலை.

நாங்கள் சேவூர்க்காரர்கள். பட்டு நெய்கிற கத்தோலிக்கக் குடும்பம். வீட்டுக்குப் பின்பக்கம் ஷெட், அதில் எங்கள் பவர்லூம்கள். அவர் தறி பார்ப்பார், நான் தார் சுற்றுவேன். அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற நூலைக் கட்டையில் சுற்றிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. மற்ற வீடுகளில் அன்றைக்குக் கறி எடுப்பார்கள், உறவுக்காரர்கள் வருவார்கள். இவர் விடியற்காலைப் பூசைக்கே வெள்ளை பேன்ட்டும் வெள்ளை டீ ஷர்ட்டுமாக வந்து நிற்பார். கிரிக்கெட் பை கோயில் வாசலில் காவலிருக்கும். நற்கருணை வாங்கியதும், கடைசி ஆசீர்வாதத்துக்குக்கூட நிற்காமல் வண்டியை எடுத்துவிடுவார். ஒருமுறை ஃபாதர் பிரசங்கத்திலேயே, "சிலருக்கு மோட்சத்துக்குப் போற பஸ்ஸு கோட்டை மைதானம் வழியாத்தான் போகுதுன்னு நினைப்பு" என்று சொல்லிவிட்டார். கோயிலே சிரித்தது. எனக்கு முக்காட்டுக்குள் முகம் பற்றி எரிந்தது. அன்று சாயந்திரம் அவர் உள்ளே நுழைந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அவர் அசரவே இல்லை.

"கடவுள் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்மே. நீ ஜல்தியா தைலத்த எடு" என்றார்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டேன். தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"ஷெட்ல நூல் அறுந்தா நான் ஓடணும், தார் தீந்தா ஓடணும். நாள் முழுக்க தறிக்குப் பயந்துகினு நிக்கிறேன். அங்க ஒருத்தன் பேட்டப் புடிச்சிகினு எனக்குப் பயந்து நிக்கிறான்மே. கைல பந்து இருக்கிற வரிக்கும்தான் நான் ஆளு."

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவரைத் தவிர என்னைப் பார்த்துப் பயப்பட ஒரு ஜீவன் இந்த உலகத்தில் இல்லையே.

முப்பது வயதுக்குள் விட்டுவிடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். விடவில்லை. முட்டி வீங்கியது, துணி கட்டிக்கொண்டு போட்டார். விரல் முறிந்தது, இன்னொரு விரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போட்டார். ஒருகாலத்தில் அவர் பந்தில் ஸ்டம்பு பறந்த பையன்கள் கல்யாணம் செய்து, தொப்பை போட்டு, அம்பயராகவே வந்து நின்றார்கள். இவர் மட்டும் அதே எல்லைக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தார். வேகம் குறைந்தது, தலைமுடி குறைந்தது. விக்கெட் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. செய்யாறு பக்கத்து ஆள் ஒருத்தர் எப்போதோ எடுத்து வைத்த கணக்கைத் தாண்ட வேண்டும் என்பது அவர் ஆசை. தாண்டிய பிறகும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வீடு வேண்டும், நிலம் வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஷெட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தறி ஓடும்போது உள்ளே பேச்சு எடுபடாது. காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அதனால் நாங்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசுவோம். எங்கள் ஊரில் தறிக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். காபி வேண்டும், நூல் அறுந்துவிட்டது, ஆள் வந்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. என் மாமியாருக்கு நாங்கள் இருவரும் வைத்திருந்த சைகையை இங்கே எழுத முடியாது, பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார். சண்டைகூட அப்படித்தான். அடுத்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை தெருமுனை வரைக்கும் கேட்கும். நாங்கள் பத்தடி தள்ளி நின்று கையை வீசி வீசிச் சண்டை போட்டுக்கொள்வோம், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. தறி நின்ற பிறகும் அந்தப் பழக்கம் போகாது. சோறு போடும்போதும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆசை என்று நினைத்திருந்தேன்.

பின்னால் யோசித்தால் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது. வெம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகள் போன் செய்தால், எடுத்த கையோடு என்னிடம் திணித்துவிடுவார். அவள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட கல்யாணம் அது. "அப்பாக்கு இன்னும் எம்மேல கோவம் போலமா. ஒரு வார்த்த பேசமாட்டாரா?" என்று அழுவாள். நான் அவரைத் திட்டுவேன். டிவியில் மேட்ச் ஓடினால் தெருவே எங்கள் வீட்டு டிவியில் கேட்கும் அளவுக்குச் சத்தம் வைப்பார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். திமிர் என்பேன். விளக்கை அணைத்த பிறகு ஏதாவது சொன்னால் பதில் வராது. அதற்குள் தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். முன்பெல்லாம் பிரசங்கம் நீளம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் பிறகு குறையே சொல்லவில்லை. ஒரு வழியாக பக்தி வந்துவிட்டது என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி நன்றி சொன்னேன். நல்ல வேடிக்கை!

மைதானத்தில் வேறு ஒரு பேச்சு. ஒவ்வொரு பந்தும் போட்டு முடித்ததும் கழுத்தைத் திருப்பி அம்பயரை ஒரு பார்வை பார்ப்பாராம். முறைக்கிறார், மதிக்கமாட்டேன் என்கிறார் என்று அம்பயர்கள் புகார் கொடுத்து, சில மேட்ச் ஆடக்கூடாது என்று உட்காரவைத்தார்கள். அவர் டீம் கேப்டன், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற பையன், எங்கள் வீட்டுக்கே வந்து கெஞ்சினான். "அண்ணி, அந்தப் பார்வைய மட்டும் விடச் சொல்லுங்க. பேஜாராப் போவுது" என்றான். இவர் தலையை ஆட்டினார். அடுத்த மேட்சிலும் அதே பார்வை.

அந்தக் கேப்டன்தான் சாதனை நாளன்று என்னைக் கூப்பிட வந்தவனும். "இன்னிக்கு ஒரு விக்கெட் எடுத்தாப் போதும் அண்ணி. மாவட்டத்துலயே அண்ணன்தான் டாப். நீங்க இல்லன்னா எப்டி?" என்றான். இத்தனை வருஷத்தில் நான் ஒரு மேட்சும் பார்த்ததில்லை. முனகிக்கொண்டேதான் போனேன். கோட்டை மைதானத்தில் வேப்பமரத்தடியில் குடையோடு உட்கார்ந்தேன். நல்ல கூட்டம். பட்டுக் கடைக்காரர்கள், தறிக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

அவர் ஓடிவருவதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். ஷெட்டில் கூன்போட்டு நிற்கிற மனிதரா இது என்று இருந்தது. சக்களத்தி நல்ல அழகிதான் என்று ஒப்புக்கொண்டேன்.

மதிய வெயிலில் அது நடந்தது. அவர் போட்ட பந்து மட்டையாளனைத் தாண்டிக் கீப்பர் கைக்குப் போனது. எனக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. இவர் வழக்கம்போல அம்பயரை ஒரு பார்வை பார்த்தார், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவரைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார். அப்புறம்தான் கீப்பர் துள்ளினான். மட்டையில் பந்து உரசிய சத்தம் கேட்டதாம். எல்லாரும் கத்த, அம்பயர் யோசித்து விரலைத் தூக்கினார். மைதானமே எழுந்து நின்றது. விசில், பட்டாசு, கைதட்டல்.

அவர் நடந்துகொண்டே இருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தைத் தேய்க்கிற பழக்கத்தில் வெறும் கையைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டு, அவர் ஓடத் தொடங்குகிற இடம் வரைக்கும் அவ்வளவு தூரமும் நடந்தார். "அண்ணே! அண்ணே!" என்று கேப்டன் கத்துகிறான். இவர் திரும்பவில்லை. அடையாளத்துக்கு வந்து சேர்ந்து, திரும்பினார். மொத்த டீமும் வாயைத் திறந்துகொண்டு தன்னை நோக்கி ஓடிவருவதையும் ஊரே எழுந்து நிற்பதையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்பதற்காகக் கையைத் தூக்கிக் காட்டினார்.

அதற்குள் அவரைத் தூக்கிவிட்டார்கள். "பாருடா, ஒண்ணுமே நடக்காத மாதிரி நடந்து போறாரு. இன்னா கெத்து!" என்று என் பக்கத்தில் ஒருவர் சொன்னார். அந்த நடையை யாரோ போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். அடக்கம் என்றார்கள், ஸ்டைல் என்றார்கள். தேசூரிலிருந்துகூட என் நாத்தனார் போன் செய்து பாராட்டினாள். எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. அந்தத் தூக்கிய கையை நான் மரத்தடியிலிருந்து பார்த்தேன். கெத்துள்ளவன் அப்படிக் கையைத் தூக்கமாட்டான்.

சாயந்திரம் சோறு போட்டுவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். "இன்னாங்க" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்களத்தான்" என்றேன். குழம்பை ஊற்றிக்கொண்டார். பித்தளைக் குடத்தை எடுத்துத் தரையில் போட்டேன். பூனை எகிறிக் குதித்து ஓடியது. அவர் அப்பளத்தை உடைத்தார்.

முன்னால் வந்து உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "எப்பத்துலேர்ந்து?" என்று சைகையில் கேட்டேன். அவர் கையை நீட்டி, தரையிலிருந்து இவ்வளவு உயரம் என்று காட்டினார். பள்ளிக்கூடத்துக்குச் சட்டையும் பாவாடையும் போட்டுக்கொண்டு போன காலத்தில் எங்கள் மகள் இருந்த உயரம் அது.

நான் வாய்விட்டு அழுதேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. ஒரே ஷெட்டில், ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்தவள் நான். எனக்கே தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்களில் காது கேட்கிறவனும் கையால்தான் பேசுகிறான், கேட்காதவனும் கையால்தான் பேசுகிறான். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்.

அம்பயரைப் பார்த்த பார்வைக்கும் அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. நோ பால் என்று சொல்வது காதில் விழாது. அம்பயர் கை நீண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். அதைத்தான் திமிர் என்று எழுதிக்கொடுத்து உட்காரவைத்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அம்பயர்கள் கையில் கிடைத்திருந்தால் தார்க்கட்டையாலேயே அடித்திருப்பேன்.

"சொல்லாதம்மே. வெளிய தெரிஞ்சா பந்தப் புடுங்கிடுவாங்க" என்றார். கும்பிட்டார். என்னைப் போய்க் கும்பிட்டார். சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன்.

வேலூரில் ஒரு காது டாக்டரிடம் காட்டினோம். தறிச் சத்தம் வருஷக்கணக்காக அரித்துவிட்டது, போனது திரும்பாது என்றார். என் காதையும் பார்த்துவிட்டு, எனக்கும் கொஞ்சம் போயிருக்கிறது என்றார். மெஷின் கொடுத்தார்கள். ஷெட்டில் மாட்டினால் தறி மண்டைக்குள் ஓடுகிறது என்று கழற்றினார். மைதானத்தில் மாட்டினால் ஓடும்போது காற்று இரைகிறது, வேர்வையில் நனைகிறது. அது பீரோவுக்குள் போனது.

அதன் பிறகு நான் எல்லா மேட்சுக்கும் போனேன். அவர் பந்து போட்டு முடிக்கிற பக்கத்துக்கு நேர் எதிரே, எல்லைக்கோட்டுக்கு வெளியே குடையோடு உட்கார்ந்துகொள்வேன். நோ பாலா, கேப்டன் யாரை எங்கே நிறுத்துகிறான், கடைசி ஓவரா, எல்லாம் என் கையில் பார்த்துத் தெரிந்துகொள்வார். "அண்ணி வந்து குந்துனாத்தான் அண்ணனுக்கு விக்கெட் விழுது" என்று பையன்கள் கேலி செய்தார்கள். நானும் சிரிப்பேன். விக்கெட் விழுந்தால் அவர் முதலில் என்னைத்தான் பார்ப்பார். நான் "அவுட்" என்று காட்டிய பிறகுதான் கையை விரித்துக்கொண்டு ஓடுவார். அந்த ஒரு சீசன்தான் எனக்கு நிஜமாகக் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது. அதற்காகவாவது அந்தக் கிரிக்கெட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அதைக் கெடுத்தது இன்னொரு பந்து. கோட்டை மைதானத்தில் ஒரே சமயத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேட்ச் நடக்கும். அந்தப் பக்க மேட்சில் ஒருத்தன் தூக்கி அடித்தான். "பந்து! பந்து! தல, தல!" என்று மைதானமே அலறியது. எல்லாரும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். இவர் ஒருத்தர் மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஷூ கயிறைக் கட்டி நிமிர்ந்துகொண்டிருந்தார். நான் குடையை எறிந்துவிட்டுக் கையை ஆட்டினேன், கத்தினேன், ஓடினேன். பந்து அவர் காதை ஒட்டித் தோள்பட்டையில் விழுந்தது. மண்ணில் குப்புற விழுந்தார். எழுந்து, தோளைத் தடவிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துச் சிரித்தார்.

அவருக்குச் சிரிப்பு. கொஞ்சம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் மண்டை. இனி எத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் குடையோடு காவல் காப்பேன்? வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிப்பார்த்தேன். "போம்மே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அடுத்த சீசனுக்கு அப்போதிருந்தே ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்.

கேப்டன் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பையன் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இத்தினி வருஷமா கூட ஆடிகினு கீறோம் அண்ணி. ஒருத்தனுக்கும் தெரியலையே" என்று கண்ணைத் துடைத்தான். "அவர நிறுத்து. எப்டியாவது மரியாதையா நிறுத்து. நான் சொன்னதா மட்டும் சொல்லாத" என்றேன். நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவர் எடுத்த விக்கெட்டையெல்லாம் வைத்துக்கொண்டு நான் தனியாக என்ன செய்வேன்?

சாதனைக்குப் பாராட்டு விழா எடுப்போம், அதிலேயே விடைகொடுத்துவிடுவோம் என்று அவன் ஏற்பாடு செய்தான். முன்கூட்டியே சொல்லிவிடு என்றேன். டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னானாம். "சொல்ட்டேன் அண்ணி. சரி சரின்னு தலையாட்டினாரு. எனக்கே ஆச்சரியமா போச்சு" என்றான். எனக்கும் ஆச்சரியம்தான். ஆனால் பாரம் இறங்கியது. கோயிலுக்குப் போய் முட்டிபோட்டு அழுதுவிட்டு வந்தேன். வீட்டில் அவர் குஷியாக இருந்தார். விழா நோட்டீஸில் தன் போட்டோவைக் காட்டி, "பாத்தியா" என்றார். ஸ்பைக்ஸ் ஷூவுக்குப் புதிதாக ஆணி வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறார், மனசைத் தேற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன். நானாக வாயைத் திறந்தால் சொல்லிக்கொடுத்தவள் நான்தான் என்று தெரிந்துவிடும். அதனால் பேசவில்லை.

விழா மைதானத்திலேயே, சாயந்திரம். மேடை, ட்யூப் லைட், ஸ்பீக்கர். பட்டு நெய்கிற ஊரில் ஒரு பாலியஸ்டர் சால்வையை அவருக்குப் போர்த்தினார்கள். அவர் அதைக்கூட இழுத்து இழுத்து ஒழுங்குபடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேப்டன் பேச வந்தான். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான். உதடே தெரியவில்லை.

"நம்ம அண்ணன் இன்னையோட ஆட்டத்துலேர்ந்து விடைபெறுறாரு. இனிமே அண்ணன் ஓடிவந்து பந்து போடுறத இந்த மைதானத்துல நாம பாக்கமுடியாது" என்றான். குரல் உடைந்தது. கூட்டத்தில் 'ஐயோ' என்று ஒரு சத்தம். அப்புறம் கைதட்டல். நிற்கவே இல்லை. எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

எல்லாரும் தட்டுவதைப் பார்த்து, அவரும் தட்டினார். சிரித்துக்கொண்டே, தலையை ஆட்டிக்கொண்டே, பலமாகத் தட்டினார்.

எனக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. இவருக்குத் தெரியாது. டீக்கடையில் அந்தப் பையன் சங்கடத்தில் குனிந்து, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். இவர் ஒன்றும் விளங்காமல் எப்போதும் போலச் சரி சரி என்றிருக்கிறார். அடப்பாவி, காது கேட்காதவர் என்று தெரிந்துதானே பேசப் போனாய், முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாதா? நான் தலையில் அடித்துக்கொள்ளக்கூட முடியாமல் நின்றேன்.

மேடையில் யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குழம்பியது. கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் முகம் தெளிந்தது. சால்வைக்குக் கீழே, மற்றவர்களுக்குத் தெரியாமல் விரலை அசைத்துக் கேட்டார்: இன்னா சொன்னான்?

பொய் சொல்லியிருக்கலாம். உங்களைப் புகழ்கிறான் என்று காட்டியிருந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பார். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை? வெள்ளைச் சட்டையோடு, பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய் நிற்பார். பையன்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்வார்கள். அதை என்னால் நினைக்க முடியவில்லை. கையைத் தூக்கினேன். நீங்கள் இனிமேல் பந்து போடப்போவதில்லை, இன்றோடு முடிந்தது, அதைத்தான் சொன்னான். என் பக்கத்தில் நின்ற தறிக்காரப் பெண்கள் என் கையைப் பார்த்துவிட்டுக் கைதட்டுவதை நிறுத்தினார்கள்.

அவர் கையும் நின்றது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: யாரு?

நான் என் நெஞ்சில் கையை வைத்தேன்.

அவர் கண்ணை என்மேலிருந்து எடுத்துக்கொண்டார். கேப்டன் பக்கம் திரும்பி, கையைக் குலுக்கி, எல்லாருக்கும் கும்பிடு போட்டு, நீட்டிய ஷீல்டை வாங்கிக்கொண்டார். யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

கோபம் என்றால் மற்ற வீடுகளில் பேசாமல் இருப்பார்கள். அவர் என்னைப் பார்க்காமல் இருக்கிறார். அவ்வளவுதான், அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நான் திட்டினாலும், அழுதாலும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று காலைப் பிடித்தாலும் அவருக்கு எதுவும் போய்ச்சேராது. மகள் வந்தாள், அவளைப் பார்த்துப் பேசினார். அவள் பெற்ற குழந்தையிடம் சைகையில் விளையாடினார். கேப்டன் வந்தான், அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் தட்டை வைத்தால் தட்டைப் பார்க்கிறார், தார் கொடுத்தால் தாரைப் பார்க்கிறார். ஷெட்டில் எதிரெதிரேதான் நிற்கிறோம். தறி ஓடுகிறது. நான் கையை ஆட்டி ஆட்டி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உயிரோடு இருக்கிறார். நான் கேட்டது அதைத்தான்.